கறுப்புத் திரையில் நிற்கும் லேப்டாப்: பூட்லோடர் என்பது என்ன, எங்கே தடுக்குகிறது

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் லேப்டாப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னாலேயே அவள் அப்பா. ராயக்கோட்டை மண்டியில் தக்காளியைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். கூடை தூக்கிய ஈரம் சட்டைத் தோளில் இன்னும் காயவில்லை.

“வாங்கி மூணு மாசம்கூட ஆவலீங்க தம்பி. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு.”

“அண்ணா, கடையில காட்டினோம். மொத்தமா ஃபார்மட் பண்ணணும், உள்ள இருக்கிறது ஒண்ணும் மிஞ்சாதுன்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை லேப் ரெக்கார்டு வைக்கணும்.”

மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினேன். கம்பெனிப் பெயர் வந்து போனது. பிறகு கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி, அதற்குக் கீழே ‘க்ரப்’ என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, மின்னிக்கொண்டிருக்கும் கோடு. அவ்வளவுதான்.

அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அந்தத் திரை சொல்வது என்ன என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பர்கூர், செட்டிக்கரை, ஓசூர் என்று எங்கே படிக்கிற பிள்ளையானாலும், புது லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயக்கமுறைமையைப் போட்டுப் பார்க்கும் முதல் மாதத்தில் இந்த மாதிரி ஒரு திரை முன்னால் உட்கார நேர்கிறது. அப்போது யாராவது ‘ஃபார்மட்’ என்ற சொல்லை எடுத்தால், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒரே பெட்டியில் வந்தன. யாரோ முன்கூட்டியே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்திருந்ததால் பட்டனை அழுத்தினால் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். இப்போது பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் பூட்டுக்கு மேல் பூட்டு வைத்த புதிய மெஷினில். தடுக்குவது இயல்பு.

கைமாறிக் கைமாறி வரும் வேலை

பவர் பட்டனை அழுத்தும் நொடியில் லேப்டாப்புக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மெமரி வெறுமையாக இருக்கிறது. மதர்போர்டில் ஒட்டிவைத்த சின்ன சிப் ஒன்றில் எழுதியிருக்கும் நிரல்தான் முதலில் கண் விழிக்கிறது. அதற்குப் பெயர் ஃபர்ம்வேர். 1981ல் ஐபிஎம் பிசியோடு வந்த பயாஸ் பல காலம் இந்த வேலையைச் செய்தது. இன்று கடையில் வாங்குகிற லேப்டாப்பில் இருப்பது யூஇஎஃப்ஐ. இன்டெல் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு மன்றம் அதைப் பராமரிக்கிறது. ஆனாலும் வாய்ப்பேச்சில் எல்லோரும் ‘பயாஸுக்குள்ள போ’ என்றுதான் சொல்கிறோம். சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

இந்த ஃபர்ம்வேரால் முழு இயக்கமுறைமையையும் எழுப்ப முடியாது. எழுப்பத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் விடத்தான் முடியும். பெங்களூரிலிருந்து வருகிற சாலை கிருஷ்ணகிரி வந்ததும் பிரிகிறது அல்லவா? ஒன்று வேலூர் வழியாகச் சென்னைக்கு, ஒன்று தருமபுரி வழியாகச் சேலத்துக்கு, இன்னொன்று ஊத்தங்கரை, திருவண்ணாமலைப் பக்கம். ஃபர்ம்வேர் என்பது பெங்களூரிலிருந்து சந்திப்புவரை கொண்டுவந்து விடும் வண்டி. சந்திப்பில் நின்று, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று கேட்டுச் சரியான வண்டியில் ஏற்றிவிடும் ஆள்தான் பூட்லோடர். லினக்ஸ் உலகில் பெரும்பாலும் அந்த ஆளின் பெயர் க்ரப். ஏறும் வண்டி கெர்னல். லினக்ஸின் உயிர்நாடி அதுதான். சாலை கெட்டுப்போகவில்லை, ஊரும் காணாமல் போகவில்லை, சந்திப்பில் ஆள் இல்லை என்பதுதான் பூட்லோடர் பிரச்சினை. இதைச் சொன்னதும் அந்த அப்பா முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

பழைய பயாஸுக்கு டிஸ்க்கின் முதல் 512 பைட் மட்டும்தான் தெரியும். அதிலும் நிரலுக்கென்று கிடைத்தது 446 பைட், ஏறக்குறைய மூன்று எஸ்எம்எஸ் அளவு. யூஇஎஃப்ஐ அப்படி முட்டுச்சந்தில் வேலை செய்யவில்லை. டிஸ்க்கில் தனக்கென்று ஒரு சிறிய பார்ட்டிஷன், அதாவது தனிப் பிரிவு, வைத்துக்கொள்கிறது. விண்டோஸோடு வரும் லேப்டாப்பில் அது பெரும்பாலும் 100 எம்பி, சிலவற்றில் 260 எம்பி. பெயர் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். பென்டிரைவ் மாதிரியே ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனது. உள்ளே சாதாரண ஃபோல்டர்கள். விண்டோஸ் தன் எழுப்பி நிரலை மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரில் வைக்கும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு தன்னுடையதை உபுண்டு என்ற ஃபோல்டரில் வைக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்றை ஒன்று அழிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இந்த வீடுகளின் விலாசங்களை ஃபர்ம்வேர் தன் சிப்பிலேயே ஒரு பட்டியலாகக் குறித்துவைத்திருக்கிறது. எந்த விலாசத்துக்கு முதலில் போவது என்ற வரிசையும் அங்கேயே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினால் இந்தப் பட்டியல் அதனோடு சேர்ந்து வராது. விலாசம் எதுவுமே கிடைக்காவிட்டால் ஃபர்ம்வேர் கடைசியாக ஒரு பொதுவான ஃபோல்டரில், பூட் என்ற பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கும். பென்டிரைவிலிருந்து லினக்ஸ் எழுவது அந்த வழியில்தான்.

ஆக, கைமாறும் வரிசை இது: ஃபர்ம்வேர் பட்டியலைப் பார்த்து ஷிம் என்ற சிறு நிரலை எழுப்பும், ஷிம் க்ரப்பை எழுப்பும், க்ரப் கெர்னலையும் அதன் கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டையையும் மெமரியில் ஏற்றும், கெர்னல் அந்த மூட்டையில் இருக்கும் கருவிகளை வைத்து உண்மையான டிஸ்க்கைத் திறக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நழுவினால் திரையில் வெவ்வேறு முகம் தெரியும். எனவே கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘எப்படிச் சரிசெய்வது?’ அல்ல. ‘யார் கையில் நின்றுபோனது?’

எதையும் தொடுமுன்

ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூட்லோடர் போனதைவிட இதனால் அழுதவர்கள் அதிகம். விண்டோஸ் 11 போட்டு வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பிட்லாக்கர் என்கிறார்களே, அந்த ஏற்பாடு. நீங்கள் பயாஸில் செக்யூர் பூட் என்ற காவல் ஏற்பாட்டை (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) அணைத்தாலோ வேறு சில அமைப்புகளை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் எழும்போது ‘சாவி எங்கே?’ என்று கேட்கும். 48 இலக்க எண். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், வேறொரு போனில் உள்நுழைந்து எடுக்கலாம். ஆனால் எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினோம் என்றே தெரியாத வீடுகள் நிறைய. கடைக்காரர் ஏதோ ஒரு முகவரி போட்டுக் கொடுத்திருப்பார். அதனால் பயாஸுக்குள் விரல் வைக்குமுன் அந்த 48 இலக்கத்தை நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் தெருப் பெண் அதைத் தன் லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம். அப்பா ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்க, இவள் எழுத, மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்கள்.

அதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருந்தது. பட்டனை அழுத்தியதும் எஃப்12ஐத் தட்டினேன். சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். அந்த ஒரு முறைக்கு மட்டும் எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியல் வந்தது. விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தேன். விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வந்தது. ரெக்கார்டு ஃபைல்கள் அப்படியே இருந்தன. அதைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டோம். யாருடைய லேப்டாப் ஆனாலும் இந்த வரிசைதான்: முதலில் ஃபைல், பிறகு சாவி, பிறகு ரிப்பேர்.

பட்டியலே வராமல் விண்டோஸுக்குப் போய்விட்டால்

அதிகம் பேருக்கு நடப்பது இதுதான். லினக்ஸ் நன்றாக நிறுவப்பட்டது, ரீஸ்டார்ட் செய்தால் நேரே விண்டோஸ். அல்லது ஒரு மாதம் ஓடியது, பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு க்ரப்பைக் காணோம். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. ஃபர்ம்வேரின் பட்டியலில் விண்டோஸ் முதல் இடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். எஃப்12 பட்டியலில் உபுண்டு என்ற பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதைத் தேர்ந்து லினக்ஸுக்குள் போய்விடலாம். பிறகு பயாஸில் பூட் ஆர்டர் பகுதியில் அந்தப் பெயரை மேலே நகர்த்தி, சேமித்து வெளியே வரவேண்டும்.

பயாஸில் நகர்த்த வழி இல்லாவிட்டால் லினக்ஸின் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில் இருந்தே செய்யலாம். அந்தக் கட்டளையின் பெயர் ஈ-எஃப்-ஐ-பூட்-எம்-ஜி-ஆர், எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கடைசி மூன்று எழுத்து நம் ஊரில் யாருக்கும் மறக்காது. வெறுமனே அதை அடித்தால் ஃபர்ம்வேரின் பட்டியல் முழுக்க நான்கு இலக்க எண்களோடு வரும். கூடவே சிறிய ‘ஓ’ என்ற தேர்வைச் சேர்த்து, எண்களை வேண்டிய வரிசையில் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் வரிசை மாறிவிடும். கட்டளைக்கு முன்னால் சூடோ போட மறக்கவேண்டாம், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சொல் அது.

சில ஃபர்ம்வேர்கள் பிடிவாதமானவை. எத்தனை முறை மாற்றினாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸையே முன்னால் கொண்டுவரும். வேறு சில, நாம் சேர்த்த விலாசத்தை மறந்தே போகும். மறதி உள்ளதற்கு, நான் முன்னே சொன்ன அந்தப் பொது ஃபோல்டரில் க்ரப்பின் ஒரு நகலை வைப்பது கைகொடுக்கும். க்ரப்-இன்ஸ்டால் கட்டளையில் ‘ரிமூவபிள்’ என்ற தேர்வு இருப்பது இதற்காகத்தான். பிடிவாதக்காரனோடு மல்லுக்கட்டுவதைவிட, தேவைப்படும்போது எஃப்12ஐத் தட்டிக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

கையெழுத்துக் கேட்கும் காவல்காரர்

செக்யூர் பூட் 2012ல் விண்டோஸ் 8 வந்த காலத்தில் பரவலானது. கையெழுத்திடாத எழுப்பி நிரலை ஃபர்ம்வேர் ஓடவிடாது என்பதுதான் ஏற்பாடு. டிஸ்க்கின் அடியில் ஒளிந்துகொண்டு விண்டோஸுக்கு முன்பே எழுந்துவிடும் வைரஸைத் தடுக்க அது நல்ல வழி. வேண்டாத தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஷிம் என்று சொன்னேனே, அது மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்து பெற்ற சிறு நிரல். ‘எனக்கு இவரைத் தெரியும்’ என்று க்ரப்புக்காகச் சாட்சி சொல்வது அதன் வேலை. ஆகவே உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகியவற்றுக்குப் பொதுவாக செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை.

இரண்டு இடத்தில் இது சிக்கும். மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸுக்கு ஒரு சாவியும், ஷிம் போன்ற பிறர் நிரல்களுக்கு வேறொரு சாவியும் வைத்திருக்கிறது. சில புதிய லேப்டாப்களில் அந்த இரண்டாவது சாவி ஆரம்பத்திலேயே முடக்கப்பட்டு வருகிறது. பென்டிரைவை மாட்டினால் பாதுகாப்பு மீறல் என்று சிவப்புப் பெட்டி வரும். பயாஸில் செக்யூர் பூட் பகுதிக்குள் ‘தேர்டு பார்ட்டி’ என்ற சொல்லோடு ஒரு பொத்தான் இருக்கும், அதை இயக்கினால் போதும். முழுப் பூட்டையும் கழற்ற வேண்டாம்.

இன்னொன்று 2024 ஆகஸ்ட்டில் நடந்தது. பாதுகாப்புக் குறை இருந்த பழைய ஷிம், க்ரப் பதிப்புகளை மறுக்கச் சொல்லி விண்டோஸ் அப்டேட் ஒன்று ஃபர்ம்வேரில் குறிப்பு எழுதியது. இரட்டை இயக்கமுறைமை வைத்திருந்த பல லேப்டாப்களில் அடுத்த நாள் லினக்ஸ் எழவில்லை. ஷிம்மின் எஸ்பேட் சரிபார்ப்பு தோற்றது என்று தொடங்கி, ‘சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்றும் சொல்லும் ஒரு செய்தி மட்டும். வாசித்தவர்கள் டிஸ்க்கே போனதென்று பயந்துபோனார்கள். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் என்ற கருவியால் அந்தக் குறிப்பை நீக்கி, அப்டேட் செய்துவிட்டுப் பூட்டைத் திரும்பப் போட்டால் சரியானது. பழைய பென்டிரைவ் ஒன்றை மாட்டும்போது இன்றும் அந்த வரி தென்படலாம். அப்போது செய்யவேண்டியது, லினக்ஸின் புதிய பதிப்பை இறக்கிப் பென்டிரைவைப் புதிதாகத் தயாரிப்பதுதான்.

க்ரப் மட்டும் தனியே நின்றால்

அந்தப் பெண்ணின் திரைக்கு வருகிறேன். க்ரப் என்ற சொல்லும் அம்புக்குறியும் வந்தால் ஒரு விஷயம் உறுதி: ஃபர்ம்வேர் தன் வேலையைச் செய்துவிட்டது, ஷிம் செய்துவிட்டது, க்ரப்பும் எழுந்துவிட்டது. எங்கே போகவேண்டும் என்று சொல்லும் சீட்டுதான் அதன் கையில் இல்லை. அந்தச் சீட்டு க்ரப் டாட் சிஎஃப்ஜி என்ற ஃபைல். ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொல்லாக வந்தால் நிலைமை இன்னும் ஒரு படி கீழே: சீட்டு மட்டுமல்ல, அதை வாசிக்கும் கண்ணாடியையும் க்ரப் தொலைத்துவிட்டது. பழைய பயாஸ் முறையில் இது அதிகம். புது லேப்டாப்பில் உபுண்டு வகையறா இருந்தால் பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான் வரும்.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். விடுதியில் அறைத்தோழி முதலில் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறாள். பிடிக்கவில்லை. அதை அழித்துவிட்டு மின்ட் போட்டிருக்கிறார்கள். நிறுவல் ஏறக்குறைய முடிகிற நேரத்தில் கரண்ட் இல்லை, பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டது. மின்ட் டிஸ்க்கில் இறங்கிவிட்டது, பூட்லோடரை எழுதும் கடைசிப் படி மட்டும் நடக்கவில்லை. மின்ட்டும் உபுண்டு என்ற அதே பெயருள்ள ஃபோல்டரைத்தான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் பயன்படுத்தும். அங்கே கிடந்தது பழைய உபுண்டு விட்டுப்போன சீட்டு. காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் விலாசம்.

அந்தக் கறுப்புத் திரையில் எல்-எஸ் என்று அடிக்கச் சொன்னேன். எச்டி0 என்று டிஸ்க், அதற்குள் ஜிபிடி1 முதல் ஜிபிடி5 வரை பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்தன. “அஞ்சு ரூம் இருக்கும்மா. ஒவ்வொண்ணா கதவைத் தட்டிப் பாரு.” எல்-எஸ், ஒரு இடைவெளி, பிறகு வட்ட அடைப்புக்குள் எச்டி0 காற்புள்ளி ஜிபிடி1, கடைசியில் ஒரு சாய்கோடு. ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் தெரிந்தது. இரண்டாவது அறையில் எதுவும் வாசிக்க முடியவில்லை. மூன்றாவதும் அப்படியே, அதுதான் பிட்லாக்கர் பூட்டிய விண்டோஸ். நான்காவது, விண்டோஸ் தன்னை மீட்டுக்கொள்ள வைத்திருக்கும் இடம். ஐந்தாவதில் பூட், எட்ஸி, ஹோம், யூஎஸ்ஆர் என்று பெயர்கள் சரம்போல் வந்தன.

“அண்ணா, இதுதாங்களா?”

“இதேதான்.”

பிறகு நான்கு வரி. முதல் வரியில் செட் ரூட் என்பதற்குச் சமக்குறியிட்டு அந்த ஐந்தாவது அறையின் பெயர். இரண்டாவது வரியில் லினக்ஸ் என்ற சொல், பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் விஎம்லினஸ் ஃபைலின் பாதை, இடைவெளி விட்டு ரூட் சமக்குறி போட்டு அந்தப் பார்ட்டிஷனுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர். என்விஎம்இ வகை டிஸ்க்கில் அது என்விஎம்இ0என்1பி5 என்று முடியும். ஜிபிடி5தான் அங்கே பி5. மூன்றாவது வரியில் இனிட்ஆர்டி, அதே பதிப்பு எண் கொண்ட இனிட்ஆர்டி ஃபைல். இந்த நீளப் பெயர்களை மனப்பாடமாக அடிக்கத் தேவையில்லை. முதல் சில எழுத்து போட்டு டேப் பட்டனைத் தட்டினால் க்ரப்பே நிரப்பிக்கொள்ளும். நான்காவது வரி: பூட்.

திரை ஒரு நொடி இருண்டது. மின்ட்டின் பச்சை வட்டம் வந்தது. அந்த அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

தினமும் பட்டனை அழுத்தும்போது க்ரப் சத்தமில்லாமல் செய்வது இந்த நான்கு வரியைத்தான். அதைத் தன் கையால் ஒருமுறை அடித்தவளுக்கு பூட்லோடர் என்றால் என்ன என்று இனி யாரும் விளக்கவேண்டியதில்லை. மாணவர்கள் ரெடிமேட் ரிப்பேர் கருவியை ஓட்டுமுன் ஒருமுறையாவது இந்த வழியில் எழுப்பிப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் இது அந்த ஒரு முறைக்கு மட்டும். நிரந்தரமாக்க, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அவள் மெஷினில் முழுமையாக இறங்காமல் விட்ட க்ரப், ஷிம் தொகுப்புகளை மறுபடி நிறுவினோம். பிறகு சூடோ க்ரப்-இன்ஸ்டால், அடுத்து சூடோ அப்டேட்-க்ரப். இரண்டாவது கட்டளை புதுச் சீட்டை எழுதும். பட்டியலில் விண்டோஸ் வராமல் போனால், எட்ஸிக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் இருக்கும் க்ரப் என்ற ஃபைலில் மற்ற இயக்கமுறைமைகளைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் மதிப்பை ஃபால்ஸ் என்று மாற்றி, அப்டேட்-க்ரப்பைத் திரும்ப ஓட்டவேண்டும். ஃபெடோரா வைத்திருப்பவர்கள் க்ரப்-இன்ஸ்டாலைத் தொடவேண்டாம். அங்கே அந்தத் தொகுப்புகளை மறுபடி நிறுவுவதே சரியான வழி.

க்ரப்பே எழாவிட்டால்

அப்போது பென்டிரைவ்தான் துணை. எந்த லினக்ஸை நிறுவினீர்களோ அதையே பென்டிரைவிலிருந்து ‘நிறுவாமல் பார்க்க’ என்ற முறையில் எழுப்புங்கள். எழுந்ததும், சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் எழுந்திருக்கிறது. அந்த முறையில் இருந்துகொண்டு யூஇஎஃப்ஐ பட்டியலைத் திருத்த முடியாது. பல மணிநேரம் வீணாவது இந்த ஒரு கவனப்பிசகில்தான்.

இருந்தால், லினக்ஸ் பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய்து (அதாவது திறந்து பொருத்தி), ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் பூட், ஈஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் முறையில் உள்ளே இணைத்து, சி-எச்-ரூட் கட்டளை கொடுக்கவேண்டும். வீட்டுச் சாவி தொலைந்தவர் பின்வாசல் வழியாக உள்ளே போவதுபோல், பென்டிரைவில் நின்றபடியே டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்துவிடுகிறோம். அங்கிருந்து அதே க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் கட்டளைகள். எந்தப் பார்ட்டிஷன் எது என்று தெரிய எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளைக்கு எஃப் தேர்வைச் சேர்த்து ஓட்டுங்கள். விஃபேட் என்று வருவது ஈஎஃப்ஐ, எக்ஸ்ட்4 என்று வருவது லினக்ஸ். இந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்யக் கூடாது. விண்டோஸின் வாசலும் அங்கேதான் இருக்கிறது.

புது லேப்டாப்பில் சிலர் இதற்கும் முன்பே முட்டிக்கொள்கிறார்கள்: நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்பார்கள். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அடுக்குக்குப் பின்னால் டிஸ்க் மறைந்திருக்கிறது. பழைய லினக்ஸ் பதிப்பால் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. முதலில் புதிய பதிப்பை முயலுங்கள். பயாஸில் போய் விஎம்டியை அவசரமாக அணைத்தால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், விண்டோஸ் நீலத்திரையில் விழும். அணைத்தே ஆகவேண்டுமென்றால் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டு, அதன் பிறகு மாற்றவேண்டும்.

லோகோ வந்து, பிறகு இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குள் ஒரு சொல் வந்து நின்றால் பூட்லோடர் குற்றவாளி அல்ல. கெர்னல் எழுந்துவிட்டது, டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை. எக்ஸிட் என்று அடித்தால் எந்தப் பார்ட்டிஷனில் கோளாறு என்று பெரும்பாலும் அதுவே சொல்லும். அந்தப் பெயரை எஃப்எஸ்சிகே கட்டளைக்குக் கொடுத்துச் சரிசெய்யலாம். க்ரப் பட்டியலுக்குப் பிறகு வெறும் இருட்டு மட்டும் என்றால் அது பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவர் கோளாறு. பட்டியலில் ஈ பட்டனை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 அழுத்தினால் திரை வரும்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து போன். “அண்ணா, ரெண்டும் நல்லா ஓடுது. ஆனா விண்டோஸ்ல மட்டும் மணி ராத்திரி மூணுன்னு காட்டுது. வெளிய வெயில் அடிக்குது.”

காலை எட்டரை. ஐந்தரை மணிநேரம் பின்னால். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, நம் ஊர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. மின்ட் எழுந்தபோது கடிகாரத்தைத் தன் வழக்கப்படி திருத்திவிட்டது. டைம்-டேட்-சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தேர்வைக் கொடுத்து 1 என்று போடச் சொன்னேன். மின்ட்டில் அதை ஓட்டிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பியவள், எட்டு நாற்பத்தொன்று காட்டுவதாகச் சொல்லிவிட்டு, பர்கூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனை வைத்தாள்.